இரும்பு வீட்டுக்குச் சீமெந்து பூசிய கதை

கல்முனைச் சந்தையில் இன்றைக்கும் ஒரு சொல் உலாவுகிறது. யாராவது சின்னதாக ஒரு வீடு கட்டினால், அல்லது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைப் பார்த்து முகம் சுளித்தால், உடனே ஒருவர் எடுத்து விடுவார்: “கடலுக்குப் பயந்து டின்னுக்குள்ள போறதுக்கு என்ட மகன் என்ன மீனா?” நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால், மருதமுனையில் ஒரு மாப்பிள்ளையின் தாய் என்பார்கள். ஒரு கொண்டெய்னர் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாவாம் என்று விபரமும் சேர்ப்பார்கள்.

அந்தத் தாய் அதைச் சொல்லவில்லை. சொன்னவன் நான். அந்தக் கொண்டெய்னர் வீடும் என்னுடையதுதான்.

நான் சாரன் வியாபாரி. வெளியூரில் கைலி என்பார்களே, அதை மருதமுனைத் தறிகளில் எடுத்துக் கல்முனைச் சந்தையில் விற்பவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சந்தைக்கு வருகிற சனத்தின் வாயிலிருந்துதான். நல்லதாக ஒரு சொல் காதில் விழுந்தால் சாரனில் ஒட்டிவரும் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு பாண்டிருப்பில் மீன் விற்கும் ஒரு பெண் என் கடை வாசலில் நின்று கடலைப் பற்றிச் சொன்னாள்: “இவ்வளவு நாளும் நாமதான் அவட ஊட்டுக்குப் போய் அள்ளிக்கிட்டு வந்தம். அவ ஒரு நாள் வந்ததுக்கு என்னத்தச் சொல்லுற?” அதை எழுதி வைத்திருக்கிறேன். இப்படி ஒரு பெட்டி நிறைய. மற்றவர்களின் சொல்லை அவ்வளவு மதித்த நான் ஒரு பெண்ணின் வாயில் அவர் சொல்லாததைத் திணித்தேன் என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் அன்றிலிருந்தே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவான். எங்களுக்கு ஒரே மகள். சாய்ந்தமருதில் கடற்கரையோரம் அவளுக்கென்று ஒரு கல்வீடு கட்டிப் பூச்சும் முடித்திருந்தேன். கடல் வந்த அன்று நாங்கள் மூவரும் கடலுக்கு எட்டாத வயல் ஊரான வரிப்பத்தான்சேனையில் ஒரு கலியாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் உயிரோடு இருப்பது அந்தச் சோற்றால்தான். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது.

தற்காலிகக் கொட்டிலில் இருந்த காலத்திலேயே மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை கட்டாரில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். தாய் விதவை. “ஊடு ஒண்டு இருந்தாக் காணும், பெருசா ஒண்டும் கேக்க மாட்டன்” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். விடுமுறை முடிவதற்குள் வீடு வேண்டும். ஊர் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்த நேரம். மண் கிடைத்தால் கல் இல்லை. கல் கிடைத்தால் மேசன் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு கொண்டெய்னர் ஞாபகம் வந்தது. ஒரு வியாபாரி கடற்கரைப் பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த இரும்புப் பெட்டி. அலை அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் சாய்த்துப் போட்டிருந்தது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. “கல்லு ஊடு ஒரு அலைக்கு நிண்டிச்சா?” என்று என் மனைவி கேட்டாள். நானும் மகளும் கொழும்புப் பக்கம் பஸ் ஏறினோம்.

கொண்டெய்னர் வாங்குவது எப்படி என்று, பழைய பெட்டிகளை அடுக்கி விற்கும் யாட்டில் இருந்தவர்தான் சொல்லித் தந்தார். உள்ளே ஒருவர் போக வேண்டும். வெளியே நிற்பவர் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரிந்தால் ஓட்டை, வாங்கக் கூடாது. மகள் உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

“வாப்பா!”

“என்ன மகள்? பயமா இரிக்கா?”

“இல்ல வாப்பா. இருட்டு நல்லாயிரிக்கி!”

அப்படி ஏழு பெட்டிக்குள் போய் வந்தாள். பலகைத் தரையில் குனிந்து மணந்தும் பார்த்தாள். ஒன்றில் மருந்து நாற்றம், வேண்டாம் என்றாள். கடைசியில் இருபதடிப் பெட்டிகள் இரண்டு எடுத்தோம். இரண்டும் நீலம். இரண்டிலும் காய்ந்த வெங்காய மணம்.

லொறி கிழக்குப் பக்கம் திரும்பியதும் சோதனைச் சாவடிகள் தொடங்கின. யுத்தம் முடிந்திருக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கதவைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இவ்வளவு தூரம் ஏன் கொண்டுபோகிறாய் என்று கேட்டார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், தரைப்பலகையைக் குத்திப் பார்த்தார்கள். “ஊடு, சேர், ஊடு” என்று என் மகள் லொறியிலிருந்து குனிந்து சொல்வாள். சாரதி ஒரு தம்பி. அண்ணன் என்கிற முறையில் என்னைக் காக்கா என்பான். அவன் சொன்னான்: “காக்கா, இதுக்குள்ள ஏறின சாமான் எத்தினை கடல் தாண்டியிருக்கும். நீங்க இதுக்குள்ள ஏறி ஒரு கடலுக்குத் தப்பப் பாக்கிறீங்க.” அதையும் எழுதி வைத்தேன்.

பெரிய தெருவுக்கு மேற்கே, வயல் ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தேன். பெட்டிகள் இரண்டையும் கொங்கிறீட் கட்டைகளின் மேல் எதிரெதிரே வைத்து, நடுவில் விட்ட இடைவெளியை மண்டபமாக்கி, மூன்றுக்கும் சேர்த்து உயர்த்தி ஒரு கூரை போட்டோம். இந்த அமைப்பு முழுக்க மகள் யோசித்தது. ஜன்னல் வெட்டுகிற இடத்தைச் சோக்குக் கட்டியால் அவள்தான் கீறினாள். கடல் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் கீறியபோது தாய் வேண்டாம் என்றாள். “கடலோட கோவமெண்டா காத்தோட என்ன கோவம் உம்மா?” என்று கேட்டுவிட்டு மகள் கீறி முடித்தாள். வெட்டுகிறவன் வந்து தீப்பொறி பறக்க வெட்டினான். முதல் காற்று உள்ளே வந்தபோது மூவரும் அந்த வெங்காய மணத்துக்குள் நின்று சிரித்தோம். அந்த வீடு அப்போது அழகாகத்தான் இருந்தது.

சந்தையில் பகிடி தொடங்கியது.

“காக்கா, ஊட்டுக்கு எஞ்சின் எப்ப பூட்டுற?”

“வாடகைக்கு விடுறண்டா சொல்லுங்க, சிங்கப்பூருக்கு அனுப்புவம்.”

மற்றவரைப் பகிடி பண்ணியே காலம் போக்கிய எனக்கு என்னைப் பண்ணும்போது தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு ஒரு கிழமை முன்னதாக மேசனைப் பிடித்தேன். கோழிக்கூட்டுக் கம்பிவலையை இரும்பில் ஒட்டி அதன் மேல் சீமெந்து பூசச் சொன்னேன். அவன் பெட்டியைத் தடவிப் பார்த்தான்.

“காக்கா, இரும்பு வெயிலுக்கு விரியும். சீமெந்து விரியாது. இது ரெண்டுக்கும் முடிச்சி வைச்சா ஒரு நாளைக்குத் தலாக்குத்தான்.”

“நீ பூசு. அந்த ஒரு நாள் வரைக்கும் நிண்டாக் காணும்” என்றேன்.

பூசி, மெல்லிய மஞ்சள் அடித்தோம். “ஏன் வாப்பா, நீலம் வடிவாத்தானே இருந்திச்சி?” என்று மகள் கேட்டாள். யாராவது கேட்டால் கல்வீடு என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தாய்க்கும் சொல்லி வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாயும் இன்னும் இரண்டு பெண்களும் நண்பகலில் வந்தார்கள். என் மனைவி உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று வீட்டைக் காட்டினேன். மாப்பிள்ளையின் தாயை அக்கா என்கிற முறையில் ராத்தா என்று அழைத்தேன். மெல்லப் பேசுகிறவர். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது என்ன கல்லு காக்கா?”

“ஆறங்குலக் கல்லு ராத்தா. நானே நிண்டு பாத்துக் கட்டினது.”

“கல்லுதானா?”

“பின்ன? மகளிட்டக் கேளுங்களன்.”

மகள் கதவோரம் நின்றிருந்தாள். தலை குனிந்தபடி இருந்தாள். நான் அவளைப் பார்த்தபடியே இருந்தேன். கடைசியில் “ஓம்” என்றாள்.

அவள் வாயை மூடியிருக்கமாட்டாள், முன்பக்கச் சுவரில் ஒரு நெறுநெறுப்புக் கேட்டது. ஒரு பாய் அளவு பூச்சு கம்பிவலையோடு பிரிந்து எங்கள் காலடியில் விழுந்து உடைந்தது. உள்ளே நீலம். நெளிநெளியான இரும்பு, அதில் வெள்ளை எழுத்தில் ஒரு நீண்ட இலக்கம். வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ராத்தா சிரிக்கவில்லை. கிட்டப் போய் அந்த நீலத்தில் உள்ளங்கையை வைத்தார். வெயிலுக்குச் சுட்டது, கையை எடுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“கொண்டெய்னர் ஊடெண்டு எங்களுக்கு முந்தியே தெரியும் காக்கா. உங்கட மகள்தான் யோசிச்சாவாம் எண்டும் கேள்விப்பட்டம். அதைப் பாக்கத்தான் ஆசைப்பட்டு வந்தன். நீங்க அந்தப் புள்ளையையும் பொய் சொல்ல வைச்சிட்டீங்களே.”

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்து, பலகாரத்தில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு, மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். மறுநாள் தரகர் வந்தார். “இப்ப அவசரமில்லையாம்” என்றார்.

அன்றைக்கே கடையில் ஒருவர் கேட்டார்: “என்ன காக்கா, மருதமுனைச் சம்பந்தம் சரிவரல்லயாமே? என்ன சொன்னாங்களாம்?” பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். உண்மையைச் சொல்வதென்றால் நான் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்கள் எல்லாருடைய கொட்டிலிலும் நிவாரணமாக வந்த டின் மீன் அடுக்கியிருந்தது. தின்று தின்று நாக்குச் செத்திருந்தது. சாரனை மடித்தபடியே சொன்னேன்: “என்னத்தச் சொல்லுற? கடலுக்குப் பயந்து டின்னுக்குள்ள போறதுக்கு என்ட மகன் என்ன மீனா எண்டு கேட்டா தாய்க்காரி.”

கடை அதிர்ந்தது. ஒருவர் சிரித்துச் சிரித்துச் சாரன் அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போனபோது அதே சொல் இன்னொருவர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. கையை மீன் மாதிரி ஆட்டுவதையும் அவர் சேர்த்திருந்தார். அந்த நேரம் எனக்கு வந்தது பயமில்லை. பெருமை. என் சொல் ஒன்று இவ்வளவு வேகமாகப் போனதே என்று. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். மருதமுனையில் அந்தத் தாயை முகத்துக்கு நேரே ராத்தா என்றும், முதுகுக்குப் பின்னால் டின் மீன் ராத்தா என்றும் சொன்னார்கள். சாரன் எடுக்கப் போகிற தறிக் கொட்டில்களில் நானே கேட்டேன். கேட்டும் கேளாதவன்போல நூலின் சாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகனுக்குப் பெண் பேசப் போன இடங்களில், “அவவுக்கு மாளிகை கட்ட எங்களால ஏலாது” என்று இரண்டு தகப்பன்மார் விலகினார்கள். மகன் கலியாணம் இல்லாமலே கட்டாருக்குத் திரும்பினார். என் வீட்டுக்கோ ஊரின் இரக்கம் கிடைத்தது. அந்த இரக்கத்தோடு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தமும் வந்தது. “நெல்லு மூட்டை அடுக்க இதைவிட நல்ல ஊடு எங்க?” என்று சொல்லிக்கொண்டு மருமகன் வந்து சேர்ந்தார். ஒரு பெட்டியில் மகள் குடும்பம், மற்றதில் நாங்கள். விழுந்த இடத்தை நான் மறுபடி பூசினேன். அது மறுபடி விழுந்தது. மறுபடியும் பூசினேன்.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்படி ஒரு நாள் அஸருக்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அந்த ராத்தா. கூட மகன். கட்டாரிலிருந்து வந்திருந்தார்.

தாயும் மகனும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்கள் வீடெல்லாம் போய், என்னால் ஏதும் பிழை நடந்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். யாரையாவது நோகடித்திருந்தால், நொந்தவர்தான் பொருந்த வேண்டும். படைத்தவனும் அதில் குறுக்கே வரமாட்டான் என்பார்கள். அதற்குத்தான் வந்திருந்தார்.

மண்டபத்தில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்:

“காக்கா, உங்கட ஊட்டப் பத்தி என்ட வாயால ஒரு சொல்லு வந்திட்டு. ஊரெல்லாம் சொல்லுது. அல்லா அறிய, எனக்கு அது ஞாபகத்திலயே இல்ல. முதல்ல நான் சொல்லல்ல எண்டுதான் சொல்லித் திரிஞ்சன். ஆனா இத்தினை பேர் சொல்லக்குள்ள, பொய்யா இருக்குமா? கோவத்தில சொல்லியிருப்பன் போல. அந்தப் புள்ளைட மனசு நொந்திருக்கும். பொருந்திக்கொள்ளுங்க.”

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி, உண்மை தெரியாதவள், கண்ணைத் துடைத்தாள். மகள் தேத்தண்ணித் தட்டோடு வாசல் மறைப்புத் துணியருகே நின்றாள்.

என் வாய்க்கு எப்போதும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அப்போதும் வந்தது.

“பொருந்திட்டம் ராத்தா” என்றேன். “நாங்க அதை எப்பவோ மறந்திட்டம்.”

அவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூச்சு விட்டார். மகளின் கையைப் பிடித்து முத்தமிட்டார். ஓட்டோ போய்விட்டது.

மகள் கோப்பைகளை எடுக்காமல் என் முன்னால் நின்றாள்.

“வாப்பா, எதைப் பொருந்தினீங்க?”

“அவ முறைக்குக் கேட்டா. நானும் முறைக்குச் சொன்னன்.”

“அண்டைக்கு அவ உங்களுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது வாப்பா. கதவுக்குப் பக்கத்திலதானே நிண்டன். டின் மீனெண்டு ஒரு சொல்லு அதுல இல்ல.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தன்.”

அவ்வளவு காலமும் ஒரே கூரையின் கீழ் இருந்து, எனக்குச் சோறு போட்டுத் தந்து, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர்களை வழியனுப்ப மருதமுனையில் சனம் கூடியிருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே போய் அந்த ராத்தாவை வாசலுக்கு அழைத்து வந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை.

“ராத்தா, நேத்து நான் பொருந்தினன் எண்டு சொன்னது ஹறாம். அந்தச் சொல்லு உங்கட இல்ல. நான் கட்டினது.”

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். ஆதியிலிருந்து சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப நான் சொல்லல்லயா?”

“இல்ல.”

“கோவத்திலயும் சொல்லல்லயா?”

“இல்ல ராத்தா.”

“நான் சொல்லவே இல்ல” என்று மகனிடம் திரும்பிச் சொன்னார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அல்லாவே, ஒவ்வொரு தொழுகைக்கும் இந்த வாயக் கழுவினனே.”

மகன் என் பக்கம் ஒரு எட்டு வைத்தார். தாய் கையை நீட்டித் தடுத்தார். வான் காத்திருந்தது. எழும்பி முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னார்:

“பொருந்த மாட்டன் எண்டு சொல்லிட்டுப் போக எனக்கு ஏலாது. சும்மா பொருந்தவும் ஏலாது. சொன்ன இடத்தில போய் அது உங்கட சொல்லெண்டு சொல்லுங்க. ஊரு எண்டைக்கு அதை உங்கட பேர்ல சொல்லுதோ, அண்டைக்கு நான் பொருந்தினதா வைச்சிக்கொள்ளுங்க.”

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்தேன். பூச்சு முழுவதையும் கொத்தி விழுத்தினேன். அவர்கள் ஹஜ்ஜிலிருந்து திரும்புவதற்குள் வீடு பழைய நீலத்துக்கு வந்துவிட்டது. அது இலேசான பகுதி.

சந்தையில் சொன்னேன். முதலில், அன்றைக்குச் சாரன் அடுக்கின் மேல் சாய்ந்து சிரித்தவரிடம் போனேன். பள்ளிவாசல் படியில் சொன்னேன், தறிக் கொட்டில்களில் சொன்னேன். எல்லாரும் கடைசி வரைக்கும் கேட்டார்கள். கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார்கள்.

“ஹஜ்ஜுக்குப் போன மனிசிட பேரைக் காப்பாத்தப் பாக்கிறீங்க காக்கா. உங்கட மனசு ஆருக்கு வரும்?”

“இல்ல தம்பி, நான்தான் சொன்னன்.”

“சரி சரி. நீங்க கதை கட்டுறதில விண்ணன் எண்டு தெரியாதா? ஆனா இந்தக் கதை மட்டும் செல்லாது. அது அவட வாயில வந்த சொல்லுத்தான்.”

இப்படித்தான். நான் செய்த பிழையைச் சொல்லப் போய், ஊரில் எனக்கு நல்ல மனிதன் என்று பெயர் வந்திருக்கிறது. அந்த ராத்தா ஹஜ்ஜிலிருந்து வந்து பேரீச்சம்பழம் அனுப்பினார். நான் இன்னும் அவர் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. போய் என்னவென்று சொல்வது?

போன கிழமை வெளியூர்க்காரர் ஒருவர் சாரன் வாங்க வந்தார். விலை பேசும்போது சின்னச் சாரன் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “இதுக்குள்ள போக நான் என்ன மீனா? உங்கட ஊருல ஒரு மனிசி சொன்னாவாமே.” நான் சாரனைக் கீழே வைத்தேன். அவரை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி எடுப்பித்து, யாட்டில் மகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாரனை வாங்கிக் கையில் மடித்துக்கொண்டு எழும்பினார்.

“நல்லாக் கதைக்கிறீங்க காக்கா” என்றார். “அந்த மனிசி எந்தத் தெரு?”